60-க்கு 45 மீட்டர் பொட்டலில் எந்த ஹாக்கி ஆடலாம்?

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியின் பிடி மாஸ்டர் கேட்டிருக்கிறார்: "பள்ளிக்குப் பின்னால் 60-க்கு 45 மீட்டர் பொட்டல் கிடக்கிறது, எல்லாம் செம்புறாங்கல் சரளை. ஹாக்கி ஆரம்பிக்கலாமா? எந்த விதி வைத்துக்கொள்வது? மழைக்காலத்தில் கல்யாண மண்டபத்தில் ஆட முடியுமா? ஸ்கேட்டிங் ஷூ வைத்திருக்கிற பிள்ளைகள் அதைப் போட்டு ஆடலாமா என்கிறார்கள்."

தாராளமாக ஆரம்பியுங்கள் சார். ஆனால் பதினொரு பேர் ஆடும் ஹாக்கியை அங்கே திணிக்காதீர்கள். அதற்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் வேண்டும், கோலுக்கு முன்னால் அரைவட்டமாகப் போடும் டி-யின் ஆரமே 14.63 மீட்டர். உங்கள் பொட்டலில் இரண்டு டி போட்டால் நடுவில் 30 மீட்டர்தான் மிஞ்சும், அதற்குள் இருபத்திரண்டு பேர் மட்டையோடு நின்றால் அடி பந்தைவிடக் காலில்தான் அதிகம் விழும்.

உங்களுக்கு ஏற்றது ஹாக்கி ஃபைவ்ஸ். 2024-இல் மஸ்கட்டில் இதற்கு உலகக் கோப்பையே நடந்தது, நம் பெண்கள் இரண்டாவதாக வந்தார்கள். கோல் கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஐந்து பேர், பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி. களம் அதிகபட்சம் 55-க்கு 41.7 மீட்டர், குறைந்தபட்சம் 40-க்கு 28. நீங்கள் 48-க்கு 32 போடுங்கள், வேகமாக ஓடி வருகிற பிள்ளை கோட்டைத் தாண்டி நிற்க நாலு பக்கமும் ஆறு மீட்டர் கிடைக்கும். டி-க்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கொடுக்கும் பெனால்டி கார்னர் கிடையாது, டி-யே கிடையாது, எங்கிருந்து அடித்தாலும் கோல்தான். மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட வேண்டும், கீப்பரைத் தவிர யார் காலிலும் பந்து படக்கூடாது என்பதெல்லாம் பெரிய ஹாக்கியில் இருக்கிற மாதிரியேதான்.

இதில் ஒரு மாற்றம் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஓங்கி அடிப்பதைத் தடை செய்து, பந்தைத் தள்ளி மட்டுமே ஆட வையுங்கள். ஏனென்றால் ஹாக்கிப் பந்து 160 கிராம் எடை, கல் மாதிரி கெட்டி, சரளையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது, பல்லோ கண்ணோ போனால் திரும்பி வராது. கல் பொறுக்கி, ரோலர் ஓட்டி, ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளித்துவிட்டால் பந்து ஓரளவு நேராக ஓடும். முழங்காலுக்குக் கீழே பேடு எல்லாருக்கும் வேண்டும், கீப்பருக்கு ஹெல்மெட் முதல் முழு செட்டும் வேண்டும், அது இல்லாமல் யாரையும் கோலில் நிறுத்தாதீர்கள்.

மண்டபம் சரிப்படாது. உள்ளரங்க ஹாக்கியில் அணிக்கு ஆறு பேர், சிறிய களமே 36-க்கு 18 மீட்டர், ஓரங்களில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வேண்டும். தள்ளிப் பழக மட்டும் ஐந்தாறு பேரைக் கூட்டிப் போகலாம், அதுவும் தரை ஈரமில்லாத நாளில்.

ஸ்கேட்டிங் ஷூவைப் பொட்டலில் மாட்டவே வேண்டாம், சரளையில் சக்கரம் சிக்கிப் பிள்ளை முகம் குப்புற விழும். ரோலர் ஹாக்கிக்கு 40-க்கு 20 மீட்டரில் வழவழப்பான தளமும் சுற்றிலும் தடுப்பும் வேண்டும். அப்புறம், போனில் ஐஸ் ஹாக்கி பார்க்கிற பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: உடம்பால் மோதித் தள்ளுவது அங்கே விதிக்குள் வரும், இங்கே அது ஃபவுல்.

பின்னால் ஒரு நாள் உங்கள் பிள்ளைகள் மதுரையில், 2025 ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்த மாதிரியான செயற்கைப் புல்லில் பதினொரு பேர் ஆட்டத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம் முன்பே பொட்டலில் சுண்ணாம்பால் டி போட்டுப் பழக்குங்கள். ஃபைவ்ஸ் ஆடிய கை தூரத்திலிருந்தே கோலுக்கு அடிக்கும், அங்கே டி-க்குள் தன் அணி ஆளின் மட்டையில் படாமல் உள்ளே போன பந்து கோல் ஆகாது.