ஈரலா, எலும்பா? யார் சொல்வது சரி?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. குடியாத்தத்தில் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். ஒரு வருடமாக இடுப்பு, தொடை வலி. ராத்திரியில் உடம்பெல்லாம் அரிப்பு. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 420, வைட்டமின் டி 8. எலும்பு டாக்டர் வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி பவுடர் கொடுத்தார். எட்டு வாரம் சாப்பிட்டும் 11-க்குத்தான் வந்தது. இன்னொரு டாக்டர் ஈரல் கோளாறு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

அம்மாவுக்கு ஏறியிருக்கும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற என்சைம் பித்தக் குழாய்களிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். எங்கிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஜிஜிடி என்ற இன்னொரு என்சைமை ரத்தத்தில் பார்ப்போம். அதுவும் ஏறியிருந்தால் ஈரல் பக்கம் சந்தேகம் போகும். டாக்டர்கள் நாங்கள் சறுக்குவதும் இங்கேதான். 'ஈரல்தான்' என்று அதோடு விட்டுவிடுவோம். ஜிஜிடி ஏறியிருப்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

எனக்கு உறுத்துவது அந்த பவுடர்தான். வேலூர் வெயில் ஊரறிந்தது. ஆனால் நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்து வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் மேல் அது எங்கே படும்? டி குறைந்ததில் ஆச்சரியமில்லை. பவுடர் சாப்பிட்டும் ஏறாததுதான் விஷயம். (பாதி பாக்கெட் அலமாரியில் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.) வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. குடலில் சேர பித்தநீர் வேண்டும். பித்தம் சரியாக இறங்காவிட்டால் டி சேராது, எலும்பு மெலியும், மிருதுவாகும்.

வீட்டிலேயே இரண்டு விஷயம் பாருங்கள். அம்மாவின் முதுகில் சொறிந்த தழும்பு இருந்து, நடுவில் கை எட்டாத இடம் மட்டும் சுத்தமாக இருந்தால், அரிப்பு தோலிலிருந்து கிளம்பவில்லை, உள்ளிருந்து வருகிறது என்று சந்தேகப்படலாம். அப்புறம், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? முடியாவிட்டால் தொடைத் தசை பலவீனம். எலும்பு மிருதுவாகும் நோயில் இது வரும்.

ஜிஜிடி, பிலிருபின், கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன் எடுக்க வேண்டும். கல்லோ அடைப்போ இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேன். அது சரியாக இருந்தால் ஏ.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. நடுவயதுப் பெண்களுக்கு அதிகம் வரும் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் என்ற பித்தக் குழாய் நோயில், பத்தில் ஒன்பது பேருக்காவது இது பாசிட்டிவ். கண் மஞ்சளாகாமலேயே இந்த நோய் பல வருடம் இருக்கும். 'மஞ்சள் காமாலை இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எலும்புக்கு இடுப்பு எக்ஸ்ரேயும் டெக்ஸா என்ற எலும்பு ஸ்கேனும். டெக்ஸா எலும்பின் அடர்த்தி குறைந்ததைச் சொல்லும், மெலிந்ததா மிருதுவானதா என்று சொல்லாது. அதற்குத்தான் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகள்.

அந்த நோய்தான் என்றால் எடைக்கேற்ற உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரையைப் பல வருடம் தொடர வேண்டியிருக்கும். டி அளவை டாக்டர் மாற்றுவார். அரிப்புக்குக் கொலஸ்டைரமின் கொடுத்தால், மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், கறுப்பு மலம் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குடல், ஈரல் டாக்டரிடம் போகும்போது இரண்டு டாக்டர்களின் சீட்டு, எக்ஸ்ரே, காலி பாக்கெட், நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.