பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 850 வி.ஏ. இன்வெர்ட்டரும், 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரியும் உள்ளன. இரண்டு மின்விசிறிகள், ஐந்து எல்.இ.டி. பல்புகள், ஒரு வைஃபை ரூட்டர் ஆகியவை முன்பு ஐந்து மணி நேரம் ஓடின. இப்போது முக்கால் மணி நேரத்திலேயே ‘லோ பேட்டரி’ விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடுகிறது. 150 வாட் ஃபிரிட்ஜை இணைத்தாலோ உடனே ‘ஓவர்லோடு’ காட்டுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டியதுதானா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். அவற்றில் ஃபிரிட்ஜ் சமாசாரம் கோளாறே அல்ல. 850 வி.ஏ. என்றால் 850 வாட் என்று பொருளில்லை. திறன் காரணி (வி.ஏ.வில் எவ்வளவு பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 0.8 எனக் கொண்டால் சுமார் 680 வாட்தான் கிடைக்கும். ஃபிரிட்ஜில் எழுதியிருக்கும் 150 வாட், அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது. கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. ஃபிரிட்ஜை அந்த இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முக்கால் மணி நேரக் கணக்குதான் கவனிக்க வேண்டியது. உங்கள் மின்விசிறிகள் 150 வாட், பல்புகள் 45, ரூட்டர் 10 என மொத்தம் ஏறக்குறைய 205 வாட். இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர் வெளியேறும். டெர்மினலில் (பேட்டரியில் கேபிள் இணையும் முனையில்) வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பு 0.05 ஓம் தடையை உண்டாக்கினாலே அந்த இடத்தில் 1 வோல்ட் தொலைந்து, 20 வாட் வெப்பமாகிவிடும். பேட்டரியில் 11.5 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டருக்கு 10.5 என்று தெரியும். பேட்டரி காலியாகிவிட்டது என நினைத்து இன்வெர்ட்டர் நிறுத்திவிடும். பேட்டரியை மாற்றச் சொல்பவர்களில் எத்தனை பேர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்?

ஆகவே, மின்விசிறிகள் இன்வெர்ட்டரில் ஓடும்போதே, மல்டிமீட்டரின் முனைகளை முதலில் பேட்டரியின் ஈயத் தண்டுகள் மேலேயே (அவற்றைப் பற்றியிருக்கும் கிளாம்ப் மேல் அல்ல) வைத்தும், பிறகு இன்வெர்ட்டர் பக்கத்து முனைகளில் வைத்தும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பில்தான் குறை. மாறாக, முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, தண்டுகளிலேயே சில நிமிடங்களில் 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஹைட்ரோமீட்டரால் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) பேட்டரியின் ஆறு அறைகளையும் சோதியுங்கள், ஐந்து 1.240-ஐ ஒட்டியிருக்க ஒன்று மட்டும் 1.150 காட்டினால், அந்த அறை போய்விட்டது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். அமிலம் ஊற்றி அதைச் சரிக்கட்ட முயலாதீர்கள். மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

டெர்மினலைக் கழற்றும் முன் இன்வெர்ட்டரை அணைத்து, அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் உப்பைத் தேய்த்துக் கழுவி, அந்த நீர் அறைகளுக்குள் போகாமல் பார்த்து, காய்ந்ததும் இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அதன் பிறகும் அதே வித்தியாசம் இருந்தால், லக் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக இணைப்பு) அழுத்திய இடத்தில் கம்பி உள்ளுக்குள் அரித்திருக்கக்கூடும். அந்த கேபிளையே மாற்றுங்கள்.