கம்பியா, காற்றா? காரில் போன் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

ஒரே போன், ஒரே பாட்டு. புளூடூத்தில் மந்தமாகக் கேட்கிறது. யூஎஸ்பி கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவில் (போனைக் காரின் திரையோடு இணைக்கும் வசதி) கேட்டால் பளிச்சென்று இருக்கிறது. நண்பர்கள் மனப்பிரமை என்கிறார்கள். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?
_வாசகர், திண்டுக்கல்_

உண்டு. ஆனால் உங்கள் காதில் விழும் வித்தியாசம் மொத்தமும் கேபிளால் வந்ததுதானா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிடி தரத்தில் ஒரு பாட்டுக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் தேவை. புளூடூத்தின் இசைப் பாதையில் அவ்வளவு போகாது. அதனால் போன் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது. காரின் செட் அதை விரித்து ஒலிக்கிறது. சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். இசை அனுப்பும் எல்லா புளூடூத் கருவிகளிலும் கட்டாயம் இருக்கும் கோடெக் எஸ்பிசி. அதன் நல்ல தர அளவு 328 கிலோபிட். ஏஏசி பெரும்பாலும் 256-ஐ ஒட்டி ஓடும். எண்ணில் சிறியது என்றாலும் ஏஏசி சாமர்த்தியமாகச் சுருக்கும். ஆப்டெக்ஸ் 352, எல்டாக் சூழலைப் பொறுத்து 330, 660, 990. கம்பெனியிலேயே பொருத்தி வரும் செட்களில் எல்டாக் கிடைப்பது அபூர்வம். ஐபோனில் எஸ்பிசியும் ஏஏசியும் மட்டும்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆன்லைனில் வரும் பாட்டு ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. போன் அதை விரித்து, புளூடூத்துக்காக மறுபடியும் சுருக்குகிறது. ஒருமுறை பிழிந்த கரும்பை இன்னொரு முறை ஆலையில் விடுகிற கதைதான். கேபிள் போட்ட ஆண்ட்ராய்டு ஆட்டோவில் இந்த இரண்டாவது பிழிதல் இல்லை. போன் விரித்த ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் அப்படியே செட்டுக்குப் போகிறது.

வித்தியாசம் எங்கே கேட்கும் தெரியுமா? குரலிலோ பேஸிலோ தேடாதீர்கள். சலங்கை, ஜால்ரா, கஞ்சிராவின் சில்லு, கச்சேரிப் பதிவில் கைதட்டல் ஆகிய இடங்களில் கேளுங்கள். எஸ்பிசி தடுமாறும்போது சலங்கையின் மணிகள் தனித்தனியாக விழாமல், மணல் சலிக்கிற ஓசை போல ஒட்டிக்கொள்ளும்.

இனி சோதனை. வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் ஏசியையும் அணையுங்கள். பல செட்களில் புளூடூத்துக்கும் யூஎஸ்பிக்கும் ஈக்வலைசர் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். இதுதான் முக்கியம். 1 அல்லது 2 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பக்கமே 'தெளிவாக' இருப்பதாகக் காது சொல்லிவிடும். புளூடூத்தில் போனின் வால்யூமை முழுதாக ஏற்றிவிட்டு, கூட்டுவதும் குறைப்பதும் செட்டில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் திரையைப் பார்க்காமல் இருக்க, இன்னொருவர் 10 முறை மாற்றி மாற்றி ஒலிக்கட்டும். எட்டுக்கு மேல் சரியாகச் சொன்னால் நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

புளூடூத் பக்கம் தோற்றால் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். போனின் புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டால், செட்டுக்கு ஏஏசி தெரிந்திருந்தால், 'எச்டி ஆடியோ: ஏஏசி' என்று ஒரு விசை வரும். அது அணைந்திருந்தால் எஸ்பிசிதான் ஓடுகிறது. அடுத்து, பாட்டுச் செயலியில் மொபைல் டேட்டாவுக்கான தரம் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும். அதை மிக உயர்ந்த அளவுக்கு மாற்றுங்கள். தரம் குறைந்து வந்த பாட்டை எந்தக் கேபிளாலும் மீட்க முடியாது.

நான்கு வழிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் டயர் இரைச்சலும் காற்றும் சேர்ந்து சிறிய கார்களுக்குள் 70 டெசிபலைத் தொடும். அந்த வேகத்தில் ஒழுங்காக ஓடும் ஏஏசிக்கும் கேபிளுக்கும் உள்ள வித்தியாசம் அநேகமாக மூழ்கிவிடும். நிறுத்திவைத்து ரசித்துக் கேட்பவருக்குக் கேபிள். தினசரி ஓட்டத்துக்குப் புளூடூத் போதும் என்பதே என் கருத்து.

ஆக்ஸ் கேபிள் (போனின் ஹெட்போன் துளையிலிருந்து செட்டுக்குப் போவது) போட்டதும் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து ஏறுகிறது. மூன்று கேபிள் மாற்றியும் போகவில்லை. புளூடூத்தில் இந்தச் சத்தமே இல்லை. கம்பி உயர்ந்தது என்கிறார்களே?
_வாசகர், ஓசூர்_

நான்காவது கேபிள் வாங்க வேண்டாம், கோளாறு கேபிளில் இல்லை. போன் அப்போது சார்ஜரில் இருக்கிறதா? சார்ஜர் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் அந்த நொடியே நின்றால் காரணம் கிரவுண்ட் லூப்.

நடப்பது இதுதான். காரின் உடம்புத் தகடுதான் எல்லா மின்சாதனங்களுக்கும் பொது எர்த். உங்கள் போன் அந்த எர்த்தை இரண்டு வழியில் தொடுகிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் கேபிளின் வெளிக்கம்பி வழியாக இன்னொன்று. இரண்டும் தகட்டில் சேரும் இடங்கள் வேறு. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம் தகட்டில் ஓடும்போது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வேறுபாடு உண்டாகும். ஆக்ஸில் போகும் பாட்டின் மெல்லிய இடங்களும் சில மில்லிவோல்ட்தான். அதனால் ஆல்டர்னேட்டரின் அதிர்வும் பாட்டோடு கலந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போய்ப் பெருகுகிறது. எஞ்சின் வேகம் ஏற ஏற சுருதியும் ஏறுவது அதனால்தான். எஞ்சின் வேகத்தோடு மாறாமல் ஒரே சுருதியில் 'கிர்ர்' என்றால் மட்டும் மலிவான சார்ஜரின் உள்சுற்றைச் சந்தேகியுங்கள். சார்ஜரை மாற்றினால் தீரும்.

தீர்வு மூன்று. செலவில்லாதது: பாட்டுக் கேட்கும்போது சார்ஜ் போடாமல் இருப்பது, அல்லது பவர் பேங்கில் போடுவது. பவர் பேங்குக்குக் காரின் எர்த்தோடு தொடர்பில்லை. ஆனால் பவர் பேங்கையே காரில் செருகிச் சார்ஜ் செய்தால் வளையம் மறுபடி மூடிவிடும். இரண்டாவது, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு டப்பா. சில நூறு ரூபாய்தான். ஆக்ஸ் கேபிளுக்கும் செட்டுக்கும் நடுவில் செருக வேண்டும். உள்ளே இடது, வலதுக்கு ஒவ்வொன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். ஒலி காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும். எர்த் தொடர்பு அறுந்துவிடும். மிகச் சின்னதாக, எடையே இல்லாமல் இருப்பதை வாங்காதீர்கள். உள்ளே இரும்புக் கரு போதாமல் தவில், கிக் டிரம் போன்றவற்றின் அடி ஒலி மெலிந்துவிடும். மூன்றாவது, ஆக்ஸையே விட்டுவிட்டு யூஎஸ்பிக்கு மாறுவது. யூஎஸ்பியில் எண்களாகப் போவதால் இந்த மில்லிவோல்ட் இரைச்சல் பாட்டில் ஏறாது. இயன்றால் இதையே செய்யுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 'கம்பி' என்று பொதுவாகச் சொல்லும்போது ஆக்ஸையும் யூஎஸ்பியையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ஆக்ஸில் போனுக்குள் இருக்கும் டாக் சில்லுதான் எண்களை ஒலியலையாக மாற்றுகிறது. அந்தச் சில்லு எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் பாட்டு. யூஎஸ்பியில் அந்த வேலை காரின் செட்டுக்குப் போய்விடுகிறது. இரையும் ஆக்ஸை விட ஏஏசியில் ஓடும் புளூடூத் மேல்.

ஆக்ஸை வைத்துக்கொள்வதானால் போனின் வால்யூமை 80 முதல் 90 சதவீதத்தில் வையுங்கள். போனில் குறைத்து செட்டில் கூட்டினால் 'உஸ்' இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஹெட்போன் துளை இல்லாத போன் என்றால் டைப்-சி அடாப்டரில் கவனம் தேவை: சிலவற்றுக்குள் டாக் சில்லு இருக்கும், சிலவற்றில் வெறும் வயர் மட்டும். வெறும் வயர் உள்ளது பல போன்களில் ஒலியே தராது. 'டாக் உள்ளது' என்று கேட்டு வாங்குங்கள்.

என் காரில் கேபிள் கார்ப்ளே (ஐபோனைக் காரின் திரையோடு இணைக்கும் வசதி) மட்டும்தான். வயர்லெஸ் ஆக்கும் டாங்கிள் வாங்கினால் பாட்டின் தரம் புளூடூத் அளவுக்கு இறங்கிவிடுமா?
_வாசகர், கோயம்புத்தூர்_

இறங்காது. வயர்லெஸ் கார்ப்ளேயில் புளூடூத் வேலை செய்வது அறிமுகத்துக்கு மட்டும். போனும் செட்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டதும் பாட்டு, வரைபடம், திரை எல்லாம் வைஃபைக்கு மாறிவிடும். சந்தேகமிருந்தால் பாட்டு ஓடும்போது ஐபோனின் அமைப்புகளுக்குள் போய் வைஃபையை அணைத்துப் பாருங்கள், கார்ப்ளேயே அறுந்துவிடும். வைஃபையில் இடம் தாராளம். நல்ல டாங்கிளுக்கும் கேபிளுக்கும் ஒலித்தரத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம்.

தொந்தரவு வேறு இடத்தில் வரும். பாட்டை மாற்றினால் ஓரிரு விநாடி கழித்து மாறும். வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு இணைப்புக் கிடைக்கச் சற்று நேரமாகும். வெயில் காலத்தில் வைஃபை, ஜிபிஎஸ், வயர்லெஸ் சார்ஜர் மூன்றும் சேர்ந்து போனைக் கொதிக்க வைக்கும். போன் தானே சார்ஜை நிறுத்திவிடும். சார்ஜர் தட்டில் வைக்காமல் ஏசி காற்று படும் இடத்தில் போனை வையுங்கள்.

பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், கேபிள் இணைப்பு விட்டுவிடுகிறது. சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.
_வாசகர், நாகர்கோவில்_

சார்ஜ் ஏறுவதால் மின்சாரக் கம்பிகள் சரி. தகவல் கம்பிகள்தான் விடுகின்றன. முதலில் போனின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூலும் தூசும் அடியில் அமுங்கி மெத்தையாகியிருக்கும். பிளக் முழுதாக உட்காராமல், அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாகக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம், நடுவில் உள்ள நாக்கின் தொடர்புகள் சிதையும்.

அது சரியென்றால் கேபிளை மாற்றுங்கள். ஒரு மீட்டருக்கு உட்பட்டதாக, தகவலும் போகும் என்று அட்டையில் எழுதியதாக இருக்கட்டும். பெட்ரோல் பங்க் அருகில் தொங்கும் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் தகவல் கம்பியே கிடையாது. காரில் போனின் படமோ யூஎஸ்பி சின்னமோ போட்ட துளையில்தான் செருக வேண்டும். மின்னல் சின்னம் மட்டும் உள்ளதும், பின் சீட்டுக்கு இருப்பதும் பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டுமானவை.

புளூடூத்தில் வழி சொல்லும் குரல் வந்தவுடன் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?
_வாசகர், சேலம்_

புளூடூத்தில் இசைக்கு ஒரு பாதை, அழைப்புக்கு இன்னொரு பாதை. அழைப்புப் பாதை குறுகலானது: ஒலியை அளக்கும் வேகம் அதில் பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸ், புதியதில் 16, இசைப் பாதையில் 44.1. உங்கள் வரைபடச் செயலி வழிகாட்டும் குரலை அழைப்புப் போல அனுப்புகிறது. கூகுள் மேப்ஸ் என்றால் வழிகாட்டல் அமைப்புகளில் ஒலி பற்றிய பகுதிக்குப் போய், குரலை அழைப்பாக அனுப்பும் தெரிவு இருந்தால் அணையுங்கள். பிறகும் மாறாவிட்டால் போனிலும் செட்டிலும் இணைப்பை நீக்கிவிட்டு, புதிதாக இணைத்து, 'மீடியா ஆடியோ' விசை எரிகிறதா என்று பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார். செட்டில் புளூடூத் இல்லை. லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன்; பெரும்பாலான அலைவரிசைகளில் செட்டுக்கு எட்டவே இல்லை.
_வாசகர், யாழ்ப்பாணம்_

டிரான்ஸ்மிட்டர் பழுதில்லை. ஜப்பானின் பழைய எஃப்எம் செட்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் வாங்கும். உங்கள் கருவி அனுப்புவது 87.5 முதல் 108 வரை. இரண்டும் சந்திப்பது 87.5க்கும் 90க்கும் இடையில் மட்டும். அதற்குள் நிலையம் எதுவும் கேட்காத, வெறும் இரைச்சல் மட்டும் வரும் ஓர் இடத்தைத் தேடி இரண்டையும் அதில் வையுங்கள். உள்ளூர் வானொலி கேட்க ஏற்கெனவே பேண்ட் எக்ஸ்பாண்டர் பொருத்தியிருந்தால் கணக்கு மாறும். அது 14 மெகாஹெர்ட்ஸ் இறக்குவதானால், செட்டில் 80 என்று தெரியும்போது டிரான்ஸ்மிட்டரில் 94 வைக்க வேண்டும்.

தரத்தில் இதுவே கடைசி இடம். புளூடூத்தில் ஒருமுறை சுருங்கி, பிறகு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லாத எஃப்எம்மில் ஏறி வருகிறது. வாங்கியதை வைத்துச் சமாளிக்கும் முன், கையணைப் பெட்டிக்குள்ளும் டேஷ்போர்டு அறைக்குள்ளும் தேடிப் பாருங்கள். சில ஜப்பானிய வண்டிகளில் 'விடிஆர்' என்ற பெயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கும். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கானவை. 3.5 மில்லிமீட்டர் முனையிலிருந்து ஆர்சிஏவாக (அந்த வெள்ளை, சிவப்புத் துளைகளுக்கான முனைகள்) பிரியும் கேபிள் போட்டால் அதுவே ஆக்ஸ். மஞ்சளைத் தொட வேண்டாம், அது படத்துக்கு.

எல்டாக் உள்ள செட்டும், ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய கோப்பு) பாட்டுகளும் வாங்கினால் ஒலி உயருமா? கம்பெனி ஸ்பீக்கர்தான் இருக்கிறது.
_வாசகர், தஞ்சாவூர்_

அந்தப் பணத்தை முதலில் கதவுகளில் போடுங்கள். முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) தனியாக வரும் ஜோடியாக மாற்றுங்கள். கதவின் உள் தகட்டில் அலுமினியம் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டை ரோலரால் அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். தகடு அதிர்வது நின்றாலே தவிலும் மிருதங்கமும் இறுகிக் கேட்கும். முடித்தபின் பேலன்ஸை இடது, வலது என்று மாற்றி, நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் வைத்ததும் பேஸ் மெலிந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. கடையை விட்டுக் கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃப்ளாக் கேட்க எல்டாக் தேவையில்லை. செட் ஃப்ளாக்கை ஏற்குமானால் பென் டிரைவில் போட்டுச் செருகுங்கள், போனே வேண்டாம். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கட்டும். பழைய எம்பி3யிலிருந்து மாற்றி 'ஃப்ளாக்' என்று பெயர் போட்டுக் கிடைப்பவற்றை மட்டும் ஏற்காதீர்கள். கோப்பின் அளவு மட்டும்தான் பெரிதாகியிருக்கும், தொலைந்த சலங்கை மணிகள் திரும்பி வந்திருக்காது.