கட்சி பேசாமல் இருப்பது நழுவலா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 23 பேர் இருக்கிறோம். தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து குழுவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. போன வாரம் பெரியப்பா மகன் ஒரு வீடியோ போட்டார். சின்ன வயதிலிருந்து நான் அண்ணா அண்ணா என்று சுற்றி வந்தவர் அவர். ஒரு சமூகத்தாரை மொத்தமாகக் கேவலப்படுத்தும் வீடியோ அது. 'இது பொய்' என்று எழுதினேன். பேச்சு முற்றிப்போய், 'அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு மூளையே கிடையாது' என்று நானும் எழுதிவிட்டேன். அண்ணன் குழுவை விட்டே போய்விட்டார். என்னோடு வேலை பார்க்கும் தோழி பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர். 'நாங்கள் கட்சி அரசியல் பேசுவதில்லை' என்று நிம்மதியாக இருக்கிறார். வெறுப்பு பரவும்போது இப்படிப் பேசாமல் இருப்பது நழுவல் இல்லையா? நீங்களும் பஹாய் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தோழி சொன்னது சரிதான். பஹாய்கள் எந்தக் கட்சியிலும் சேருவதில்லை, யாருக்காகவும் பிரசாரம் செய்வதில்லை. ஆனால் ஓட்டுப் போடலாம். எந்தக் கட்சியின் ஆளாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், ரகசியமாக, மனசாட்சி சொல்கிறபடி போட்டுவிட்டு வருவோம். மனிதர்கள் எல்லோரும் ஒரே மரத்தின் கனிகள், ஒரே கிளையின் இலைகள் என்றார், 19ஆம் நூற்றாண்டில் ஈரானில் பிறந்து எங்கள் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா. அதை நம்புகிறவர் ஒரு அணியில் நின்றுகொண்டு எதிர் அணியைத் தூற்றுவது எப்படிப் பொருந்தும்?

இதெல்லாம் கட்சியைப் பற்றியது. ஒரு சமூகத்தின் மீது சேறு வாரிப் பூசும்போதும் வாயை மூடிக்கொள் என்று எங்கள் சமயம் எங்கும் சொல்லவில்லை. 1938ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் அமலில் இருந்த காலம். அப்போது பஹாய் சமயத்தின் உலகத் தலைவராக, 'காப்பாளர்' என்ற பொறுப்பில் இருந்த ஷோகி எஃபெண்டி அமெரிக்க பஹாய்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கட்சி அரசியலில் இறங்காதீர்கள் என்று சொன்னதும் அந்தக் கடிதம்தான். இனத் தப்பெண்ணம்தான் உங்கள் முன்னே இருக்கும் மிக முக்கியமான சவால் என்று சொன்னதும் அதே கடிதம்தான். வெள்ளையர்கள் தங்களுக்குள் ஊறிப்போன மேட்டிமை எண்ணத்தை உதற வேண்டும் என்று நேரடியாகவே எழுதினார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. கட்சிச் சாயம் இல்லாத ஒருவர் 'இது அநியாயம்' என்று சொன்னால், 'நீ அந்தக் கட்சிக்காரி, அப்படித்தான் பேசுவாய்' என்று தள்ளிவிட முடியாது இல்லையா?

அந்தக் கடிதத்தில் ஒரு சின்ன விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஊர்தோறும் பஹாய்களை வழிநடத்தும், ஒன்பது பேர் கொண்ட எங்கள் சபைகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில், ரித்வான் பண்டிகைக் காலத்தில் தேர்தல் நடக்கும். வேட்பாளர் கிடையாது, பிரசாரம் கிடையாது. 'இவருக்குப் போடலாமா' என்று வீட்டில்கூடப் பேசிக்கொள்வதில்லை. பிரார்த்தனை செய்துவிட்டு, தகுதியானவர்கள் என்று தனக்குத் தோன்றும் ஒன்பது பேரின் பெயரை ஒவ்வொருவரும் எழுதுவார்கள். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சம ஓட்டு வாங்கி, அதில் ஒருவர் சிறுபான்மையைச் சேர்ந்தவராக இருந்தால், தயங்காமல் அவருக்கே இடம் கொடுத்துவிட வேண்டும் என்றார் ஷோகி எஃபெண்டி. மறு ஓட்டெடுப்பு தேவையில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்களை ஊக்குவிக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

வெறுப்புப் பேச்சை நான் ஏன் லேசாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955இல் ஈரானில், ரமலான் மாதத்தில், ஒரு மதகுரு பஹாய்களுக்கு எதிராகப் பேசிய பேச்சுகளை நாட்டின் வானொலி ஒலிபரப்பியது. வீடு வீடாக அந்தக் குரல் போனது. கொஞ்ச நாளில் தெஹ்ரானில் இருந்த பஹாய் தேசிய மையம் கைப்பற்றப்பட்டு, அதன் குவிமாடம் கடப்பாரையால் இடிக்கப்பட்டது. இடிப்பதில் ராணுவ அதிகாரிகளே கைகொடுத்தார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு அங்கே 200க்கும் அதிகமான பஹாய்கள் கொல்லப்பட்டார்கள். கடப்பாரைக்கு முன்னால் பேச்சு வந்தது. நீங்கள் குழுவில் 'இது பொய்' என்று எழுதியபோது, யாரென்றே தெரியாத சிலருக்காக நின்றிருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன்.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத இடத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது வாக்கியம். ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடும் லட்சக்கணக்கானவர்களுக்கு மூளை இல்லை என்று எழுதினீர்கள். அவர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? ஏன் போடுகிறார்கள் என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறீர்கள்? அண்ணன் போட்ட வீடியோ ஒரு கூட்டத்தை மொத்தமாக ஒரே தராசில் வைத்தது. நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். இரண்டும் சமம் என்று சொல்ல வரவில்லை. ஓட்டை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம், பிறப்பை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அந்த வீடியோ செய்யும் கேடு பல மடங்கு பெரியது. ஆனாலும் உங்கள் வாக்கியம் வந்த பிறகு அண்ணனுக்கு வசதியாகிவிட்டது. வீடியோ பொய்யா இல்லையா என்ற கேள்வி காணாமல் போய், தங்கை தன்னை முட்டாள் என்றாளே என்ற வலி மட்டும் மிஞ்சியது.

பிறர் கண்ணால் பார்க்காமல் உன் கண்ணால் பார், அயலான் அறிவால் அறியாமல் உன் அறிவால் அறி என்கிறார் பஹாவுல்லா. நீதி என்பதையே அவர் இப்படித்தான் விளக்குகிறார். தேர்தல் நேரத்தில் இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? காலையில் எழுந்ததும் யாரோ ஒருவரின் கண் நம் கைக்குள் வந்து விழுகிறது, பகிரச் சொல்லிக் கெஞ்சுகிறது. ஒரு செய்தியைப் படித்ததும் 'அப்பவே சொன்னேன்ல!' என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருமே, அந்த நேரத்தில்தான் நான் போனைக் கீழே வைக்கப் பழகியிருக்கிறேன். நமக்குப் பிடித்த பொய்யை நாம் சரிபார்ப்பதே இல்லை.

கருத்து மோதக்கூடாது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறுபட்ட கருத்துகள் உரசினால்தான் உண்மையின் பொறி பறக்கும் என்று சொன்னவர் பஹாவுல்லாவின் மகன் அப்துல்-பஹா. கருத்துகள் உரச வேண்டும், மனிதர்கள் மோதிக்கொள்ளக்கூடாது. 23 பேர் வேடிக்கை பார்க்கும் குழுவில் அது நடக்காது. அங்கே யாரும் தோற்க முடியாது, அதனால் யாரும் மனம் மாறவும் முடியாது. குழுவில் ஒரே ஒரு வரி போதும்: 'இது உண்மையில்லை, இவர்களைப் பற்றி இப்படிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.' மற்றதையெல்லாம் தனியாக, முடிந்தால் நேரில் பேசுங்கள். அப்போது அண்ணனைக் கேளுங்கள்: 'அந்தச் சமூகத்தில் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவர் யார்?' ஒருவரும் இல்லை என்றால், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அவருக்கு அறிமுகப்படுத்தி வையுங்கள். பத்து மறுப்புக் கட்டுரைகள் செய்யாததை ஒரு மணி நேரப் பேச்சு செய்யும்.

இதைச் சொல்லும்போது எனக்கு 1912 ஏப்ரல் 23 நினைவுக்கு வருகிறது. வாஷிங்டனில் பாரசீக தூதரக அதிகாரி ஒருவர் வீட்டில் அப்துல்-பஹாவுக்கு மதிய விருந்து. யார் எங்கே உட்கார வேண்டும் என்று அந்தஸ்து பார்த்து இடம் குறித்திருந்தார்கள். லூயிஸ் கிரெகரி என்ற கறுப்பின வழக்கறிஞர் அந்த வீட்டுக்கு வந்திருந்தார், ஆனால் மேசையில் அவருக்கு இடமில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கிரெகரி எங்கே என்று கேட்டார் அப்துல்-பஹா. அவரை அழைத்து வரச் செய்து, இருக்கைகளை மாற்றி, தமது வலப்பக்கத்தில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் மனிதகுல ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். முதலில் நாற்காலி, அப்புறம் பேச்சு.

அண்ணனுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முடிவு வந்தால் ஒருவர் ஜெயித்தவராகவும் ஒருவர் தோற்றவராகவும் இருப்பீர்கள், அப்போது பேசுவது இன்னும் சிரமம். 'மூளையில்லை என்று எழுதியது தப்பு, மன்னித்துவிடுங்கள் அண்ணா' என்று சொல்லுங்கள். அந்த வீடியோ பொய் என்று எழுதியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்காதீர்கள்.