கரையில் கிடக்கும் ஓங்கலிடம் கேட்க வேண்டியவை: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டருகே உள்ள நூலகத்தில் மாதக் கடைசி ஞாயிறன்று கூடும் வாசகர்கள், திமிங்கிலங்களையும் டால்பின்களையும் பற்றிய தங்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி என்னிடம் கொடுத்திருந்தார்கள். கடல் உயிரியல் படித்து, கரையொதுங்கும் உடல்களை ஆராய்வதிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். என் தகப்பனாரும் பெரியப்பாவும் காசிமேட்டிலிருந்து கட்டுமரத்தில் போய் வந்தவர்கள் என்பதால், மீனவர் பக்கத்தை மறந்துவிட்டு எனக்குப் பேச வராது. டால்பினை, மீனவர்கள் சொல்லும் ஓங்கல் என்ற பெயராலேயே எழுதுகிறேன்.

"ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படகு ஓட்டுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் வழிவலையில் ஓர் ஓங்கல் செத்துக் கிடந்தது. வெளியே சொன்னால் வழக்கு வரும் என்று பயந்து கடலிலேயே விட்டுவிட்டோம். அது தவறா?" (காசிமேட்டிலிருந்து ஒரு படகு ஓட்டுநர்)

தம்பி, இத்தனை சீட்டுகளில் உங்களுடையதுதான் முதன்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஓங்கல் மீன் அல்ல. நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பாலூட்டி. நீரில் திரைபோல மிதக்கவிடும் வழிவலையில் வாலோ துடுப்போ சிக்கி மேலே வர முடியாமல் போனால் சில நிமிடங்களில் மூச்சடைத்து இறந்துவிடும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் திமிங்கிலங்களும் ஓங்கல்களும் இவ்வாறு வலைகளில் இறக்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. எண்ணெய், பிளாஸ்டிக், கப்பல் என்று நாம் பேசுகிற மற்ற ஆபத்துகளில் எதுவும் இந்த எண்ணிக்கையை நெருங்குவதில்லை. ஓங்கல்கள் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறிபவை; மெல்லிய நைலான் இழைகள் அந்த ஒலிக்குச் சரியாக எதிரொலி தருவதில்லை. வலையில் துடிக்கும் மீனின் எதிரொலிதான் முந்திக்கொண்டு ஓங்கலை எட்டுகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பிறகு, நம் கடலில் உள்ள எல்லாத் திமிங்கிலங்களும் ஓங்கல்களும் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைக் கொன்றாலோ, உடலை வெட்டி விற்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், ரூ.25,000க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். இந்தச் சட்டத்தின் குறி வேட்டையும் வணிகமும்தான். ஆனாலும், தற்செயலாகச் சிக்கியதைத் தானாக வந்து தெரிவிக்கும் மீனவரைத் தொந்தரவு செய்யமாட்டோம் என்ற உறுதி எழுத்தில் கைக்கு வராதவரை, நீங்கள் பயந்ததை நான் குறை சொல்லப்போவதில்லை. குஜராத்தில் திமிங்கிலச் சுறா சிக்கினால் வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு இழப்பீடு தரப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் ஆமை, ஓங்கல் உள்ளிட்ட பாதுகாக்கப்பட்ட உயிர்களுக்காக வலையை அறுப்பவருக்கு ரூ.25,000 வரை கிடைக்கிறது. வலையின் விலையை மீனவரின் தலையில் மட்டும் கட்டாத ஏற்பாடு என்பதாலேயே அங்கே செய்தி வெளியே வருகிறது.

செய்தி வெளியே வருவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மார்கழிக் காலையில் எர்ணாவூர்க் கரையில், அலைத்தடுப்புக் கருங்கற்களுக்கு நடுவே, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஓங்கல் ஒன்று கிடந்தது. புதைப்பதற்குப் பொக்லைன் வந்து நின்றுவிட்டது; அரை மணி நேரம் அவகாசம் கேட்டு வாங்கினேன். மூக்கைச் சுற்றி, கத்தியால் கீறியதைப் போல, ஒரே சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் இருந்தன. அவற்றுக்கு இடையே என் இரண்டு விரல்களை வைத்தால் சரியாக இருந்தது. இடது துடுப்பு நேராக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. வலையைக் காப்பாற்ற யாரோ அறுத்திருக்கிறார்கள். மூச்சுக்குழாயில் மூச்சடைத்ததைக் காட்டும் இளஞ்சிவப்பு நுரை. இரைப்பையில் பாதி செரித்த கவலை மீனும் நெத்திலியும் நிறைய இருந்தன. நோயுற்ற விலங்கு இப்படிச் சாப்பிடாது. கடைசிவரை நலமாக இருந்து, இரையைத் துரத்திப் போன இடத்தில் வலையில் மாட்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரம் கிடைத்திராவிட்டால் ஏட்டில் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதியிருப்பார்கள்.

ஆகவே, இனி அப்படி நேர்ந்தால், முடிந்தால் ஒரு படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் வலைக்கண்ணின் அளவையும் குறித்துக்கொண்டு, உங்கள் சங்கத்தின் வழியாகத் தெரிவியுங்கள். பாகிஸ்தானில் சூரை பிடிக்கும் மீனவர்கள் வழிவலையை நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தபோது, ஓங்கல்கள் சிக்குவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்ததாக ஆய்வு பதிவு செய்தது. படகில் இருந்தவர்கள் ஒளிக்காமல் கணக்குச் சொன்னதால்தான் அந்த விவரம் உலகுக்குக் கிடைத்தது.

"நம் சென்னைக் கடலில் உண்மையில் திமிங்கிலம் இருக்கிறதா? மாணவர்கள் கேட்கும்போது எழும்பூர் அருங்காட்சியகத்து எலும்புக்கூட்டைத்தான் காட்ட முடிகிறது." (திருவொற்றியூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை)

இருக்கின்றன. கரையோரத்தில் கூன்முதுகு ஓங்கலும் புட்டிமூக்கு ஓங்கலும், சற்று வெளியே கூட்டங்கூட்டமாகத் துள்ளிச் சுழலும் ஓங்கலும், ஆழம் திடீரென்று இறங்கும் இடத்துக்கு அப்பால் எண்ணெய்த் திமிங்கிலம் முதலியவையும் வங்கக் கடலில் உள்ளன. கரையில் நிற்கும் நமக்கு அவை தென்படாததற்குத் தூரம்தான் காரணம். மாணவர்களுக்குச் சொல்ல இன்னொரு செய்தி: திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின, 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே பகுதியில் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் பலவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விட்டார்கள். கூட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாத விலங்கு என்பதால் அவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன.

"நான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறேன். கப்பல் மோதித் திமிங்கிலம் சாகும் என்கிறார்களே, அவ்வளவு பெரிய விலங்குக்கு ஒதுங்கத் தெரியாதா?" (மணலி)

நீங்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் இரவெல்லாம் வரிசையில் காத்துக்கிடந்து ஏற்றும் பெட்டிகளில் ஒரு பகுதி எந்த வழியாக வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பாக் நீரிணையும் ஆதாம் பாலமும் ஆழம் குறைந்தவை என்பதால், மேற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சென்னைக்கு வரும் பெரிய கப்பல்கள் இலங்கையின் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையைச் சுற்றித்தான் வர வேண்டும். அந்த முனையை ஒட்டிய கடல், நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடம். உலகின் மிகப் பரபரப்பான கப்பல் வழிகளில் ஒன்றும் அதே இடத்தில்தான் ஓடுகிறது.

ஒதுங்கத் தெரியாதா என்று கேட்டீர்கள். மூச்சுவிட மேலே வந்து மிதக்கும் விலங்குக்கு, கப்பலின் முன்புறத்தில் இயந்திர ஒலி குறைவாகவே கேட்கும். ஒலி எழுவதெல்லாம் பின்னால் உள்ள சுழலியிலிருந்து. கப்பல்களும் நெரிசலும் கூடிய இடத்திலோ எங்கு திரும்பினாலும் இரைச்சல். எது நெருங்குகிறது, எது விலகுகிறது என்று பிரித்தறிய முடியாது. உங்கள் லாரிக்கு முன்னால் வரும் மாட்டையாவது ஹாரன் அடித்து விலக்கலாம். வேகத்தைக் குறைப்பதும், வழியைத் தெற்கே சற்றுத் தள்ளுவதும்தான் தீர்வு. பெரிய கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022இல் தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே தள்ளி ஓட்டத் தானாகவே முடிவு செய்தது. எல்லாக் கப்பல்களையும் கட்டுப்படுத்தும் விதியாக அது மாறினால்தான் முழுப் பயன் உண்டு.

"எண்ணூரில் எண்ணெய் கொட்டியபோது ஓங்கல்களும் இறந்தனவா?" (எண்ணூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதையும், கரையில் கெட்டித் தாராகப் படிந்த எண்ணெயை இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் காட்டுக்குப்பத்து ஆட்கள் கையில் இருந்தவை வாளியும் மக்கும்தான். ஏழாண்டு இடைவெளியில் கருவி மட்டும் மாறவில்லை என்பது என் மனத்தாங்கல்.

எண்ணெய் படர்ந்த நீர்மட்டத்தில் மூச்சுவிடும் விலங்கு அதன் ஆவியை நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு அங்குள்ள ஓங்கல்களிடம் நுரையீரல் நோயும் கருச்சிதைவும் பெருகியதை ஆண்டுக்கணக்கான ஆய்வுகள் காட்டின. எண்ணூரில் இத்தனை இறந்தன என்று சொல்ல உடல் வேண்டும். இறந்த ஓங்கல் பல வேளைகளில் ஆழ்கடலிலேயே அழுகிவிடும். மிதந்தாலும் மீனவர்கள் வன்னி என்று சொல்லும் நீரோட்டம் தெற்கே கொண்டுபோய் எங்கேயாவது தள்ளும். கழிமுகத்தின் சேதத்தை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தச் சேற்றிலும் அலையாத்திக் காட்டிலும்தான் இறாலும் மடவையும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. கரையோர ஓங்கலுக்கு அவை இரை, காட்டுக்குப்பத்தாருக்குப் பிழைப்பு. அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் அங்கே படியும்போது இருவரின் சோற்றிலும் ஒரே நேரத்தில் மண் விழுகிறது.

"திமிங்கில வாந்தி கோடிக்கணக்கில் விலை போகுமாமே? கடற்கரையில் கிடைத்தால் என்ன செய்வது?" (பெயர் எழுதாத ஒருவர்)

பெயர் எழுதாமல் விட்டது நல்லது. அம்பர்கிரீஸ் எனப்படும் அது வாந்தி அல்ல. எண்ணெய்த் திமிங்கிலம் விழுங்கும் கணவாய்களின் கடினமான அலகுகளைச் சுற்றி அதன் குடலில் உருவாகும் கட்டி. பழந்தமிழில் ஓர்க்கோலை என்று பெயர். இன்று இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

"காசிமேட்டில் மீன் விற்கிறேன். ஆமை செத்தாலும் ஓங்கல் செத்தாலும் எங்கள் மேலேயே பழி போடுகிறார்கள். எங்கள் பிழைப்பை யார் பார்ப்பது?" (ஒரு மீன் வியாபாரி அம்மா)

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்த உடல்களில் மூச்சடைத்து இறந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. முட்டையிட அவை கரையை நெருங்கும் மாதங்களில், இழுவைப் படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் மடி என்னும் பை போன்ற இழுவலையை இழுக்கக் கூடாது என்ற விதியை மீறினால் விளைவு இதுதான். அந்த விதி மீறப்படும்போது முதலில் வலை கிழிவது ஃபைபர் படகில் போகும் சிறு மீனவருக்கு என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆமை தப்பிக்கும் கருவி என்பது மடியின் கழுத்தில் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளுக்கு இடையே உள்ளே போய்விடும். ஆமை முட்டி, மேல் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொஞ்சம் மீனும் அதோடு போகும் என்பதால் நம்மவர்கள் அதை விரும்புவதில்லை. அந்த இழப்பை மறைத்துப் பேசும் அதிகாரிகளை நான் ஏற்பதில்லை. மறுபக்கம், அந்தக் கருவி இல்லை என்ற காரணத்தாலேயே நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா பல ஆண்டுகளாக வாங்காமல் இருக்கிறது. வலையில் கடல் பாலூட்டிகள் இறப்பதைப் பற்றிக் கணக்குக் காட்டாத நாடுகளின் மீனுக்கும் அதே கதவை அது அடைத்து வருகிறது. கருவியால் போகும் மீனையும் கதவு அடைபட்டதால் போகும் விலையையும் ஒரு முறை சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை அரசு உங்களோடு உட்கார்ந்து போட வேண்டும்.

"பிளாஸ்டிக் பையை நிறுத்தினால் திமிங்கிலம் பிழைக்குமா?" (புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் இல்லத்தரசி)

ஓரளவு. 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் இறந்து ஒதுங்கிய ஓர் அலகுத் திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. ஆழத்து இருட்டில் ஒலியால் இரை தேடும் விலங்குக்குக் கசங்கிய பையும் கணவாயைப் போலவே எதிரொலிக்கக்கூடும். நீங்கள் மஞ்சப்பை எடுத்துச் செல்வது நல்லதுதான். ஆனால் கடலில் அறுந்துபோய் யாருக்கும் மீன் பிடிக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும் நைலான் வலை, உங்கள் பையைவிடப் பன்மடங்கு கொடியது. பழைய வலையைக் கரையில் எடைக்கு வாங்கும் ஏற்பாடு ஒவ்வொரு குப்பத்திலும் இருந்தால் நான் அதற்குத்தான் முதல் ஓட்டுப் போடுவேன்.

"உலகில் இன்னும் திமிங்கில வேட்டை நடக்கிறதா?" (ராயபுரம், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)

நடக்கிறது, சிறிய அளவில். வணிக வேட்டையை நிறுத்துவதென்று சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982இல் முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 1979இல், இந்தியப் பெருங்கடல் திமிங்கிலப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நார்வேயும் ஐஸ்லாந்தும் அந்தத் தடைக்குக் கட்டுப்படவில்லை. ஜப்பான் 2019இல் ஆணையத்திலிருந்தே வெளியேறித் தன் கடலில் வேட்டையைத் தொடர்கிறது.

"உயிரோடு ஓர் ஓங்கல் கரையில் கிடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" (ஒன்பதாம் வகுப்பு மாணவி, தண்டையார்பேட்டை)

முதலில் கூட்டத்தை விலக்கு, அம்மா. செல்பி எடுப்பவர்களின் சத்தமே அதைப் பாதி கொன்றுவிடும். பெரியவர் ஒருவரை விட்டுக் கடலோரக் காவல் குழுமத்தின் 1093 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது, முதுகெலும்பு விலகிவிடும். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, துடுப்புகளுக்கு அடியில் மணலைப் பறித்துக் குழி செய்யுங்கள். பழைய பருத்திப் புடவையை நனைத்து உடல்மீது போர்த்தி, குடையோ தார்ப்பாயோ பிடித்து நிழல் கொடுங்கள். தலையின் உச்சியில் ஒரு துளை திறந்து மூடுவதைப் பார்ப்பாய். அதுதான் அதன் மூக்கு. அதன்மேல் துணி விழாமலும், நீங்கள் ஊற்றும் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமலும் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.