கட்டிக்கு ரத்தம் போகும் வழி: கேள்விகளும் பதில்களும்

கட்டிகளில் புது ரத்தக்குழாய்கள் முளைப்பது, அதாவது ஆஞ்சியோஜெனிசிஸ், பற்றி வந்த கேள்விகள் இவை. லேப்பில் வேலை செய்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், சிகிச்சை எடுப்பவர்களின் வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில்கள்.

கேள்வி: சார், ரத்தக்குழாயே இல்லாமல் ஒரு கட்டி எவ்வளவு பெரிதாக முடியும்?

ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு மில்லிமீட்டர். குண்டூசித் தலை அளவு. தந்துகியிலிருந்து (மயிரிழை போன்ற மிகச் சிறிய ரத்தக்குழாய்) வெளியே வரும் ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரம்தான் போகும். வழியில் இருக்கும் செல்களே அதைத் தீர்த்துவிடும். அதற்கு அப்பால் இருக்கும் செல் மூச்சுமுட்டிச் சாகும். ஓரத்தில் செல்கள் பெருகும், நடுவில் சாகும், வரவும் செலவும் சரிக்குச் சரியாகி, கட்டி அதே அளவில் வருடக்கணக்கில் கிடக்கும். வேறு காரணத்தால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் தைராய்டிலும் புரோஸ்டேட்டிலும் இப்படித் தூங்கும் சிறு கட்டிகள் அடிக்கடி அகப்படும். அவை விழிக்க வேண்டுமானால் பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளை இழுக்க வேண்டும், அதைத் தடுத்தால் அதுவே சிகிச்சையாகலாம் என்று 1971-ல் எழுதியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். அன்றைக்கு நம்பியவர்கள் சொற்பம்.

கேள்வி: அந்தக் கிளையை இழுக்கச் சொல்லிக் கட்டி எப்படிச் செய்தி அனுப்புகிறது?

ஆக்சிஜன் குறைவதே செய்தி. நம் செல்களில் ஹிஃப் என்றொரு புரதம் ஓயாமல் தயாராகிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு நொதி அந்த ஆக்சிஜனையே எடுத்து ஹிஃப் மேல் குறி வைக்கும். குறியைப் பார்த்த விஎச்எல் புரதம் அதை அழிக்க அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் குறி விழாது. ஹிஃப் சேர்ந்துபோய் உட்கருவுக்குள் நுழைந்து, குழாயை வளர்க்கும் புரதமான விஇஜிஎஃப்-இன் மரபணுவை முடுக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல்.

வெளியே வந்த விஇஜிஎஃப், பக்கத்துக் குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியல் செல்லின் ஏற்பியில் போய் ஒட்டும். உடனே ஒரு செல் முன்னால் வந்து, விரல்விரலாக நீட்டித் துழாவியபடி நகரும். பின்னால் வருபவை பெருகித் தண்டாகும். எல்லோரும் முன்னால் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது டிஎல்எல்4-நாட்ச் என்ற சமிக்ஞை. 2006-ல் வெளியான எலிச் சோதனைகளில் இதைத் தடுத்தபோது நடந்ததுதான் வேடிக்கை: குழாய்கள் கன்னாபின்னாவென்று அதிகமாயின, கட்டியோ சிறுத்தது. முளைத்தவற்றில் ரத்தம் ஓடவில்லை. குழாய் இருப்பது வேறு, அதில் ரத்தம் ஓடுவது வேறு.

தெளிசெல் சிறுநீரகப் புற்றில் பெரும்பாலும் விஎச்எல் மரபணுவே பழுதாகியிருக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் ஹிஃப் அழியாது, விஇஜிஎஃப் கொட்டிக்கொண்டே இருக்கும். விஇஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் சுனிட்டினிப், பசோபனிப் வகை மாத்திரைகள் அந்தப் புற்றில் நன்றாக எடுபடுவது இதனால்தான்.

கேள்வி: அப்படியானால் விஇஜிஎஃப்-ஐ அடைத்தால் கட்டி பட்டினியில் செத்துவிட வேண்டுமே? ஏன் குணமாவதில்லை?

"பட்டினி" என்ற சொல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கட்டியின் குழாய்களை நல்ல வாய்க்கால் என்று நினைத்துக்கொள்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கோணல்மாணலாக, ஓரிடம் ஊதி ஓரிடம் சுருங்கி, சுவரெல்லாம் ஓட்டையாக இருக்கும். விஇஜிஎஃப் குழாயை வளர்ப்பது மட்டுமல்ல, ஒழுகவும் வைக்கும். 1983-ல் டுவோராக் குழு இதே மூலக்கூறை முதலில் "ஒழுகவைக்கும் காரணி" என்றுதான் அடையாளம் கண்டது. ஒழுகிய நீர் வடிய வழியில்லாமல் கட்டிக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கீமோ மருந்தையும் உள்ளே விடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கதிர்வீச்சும் பாதி வேலைதான் செய்யும்.

விஇஜிஎஃப்-ஐ அளவாக அடைத்தால் குழாய்கள் சில காலம் ஒழுங்காகி, ரத்தம் நன்றாக ஓடி, கூடவே கொடுக்கும் மருந்து உள்ளே போகும் என்று 2001-ல் ராகேஷ் ஜெயின் என்ற ஆய்வாளர் சொன்னார். கேட்க முரணாக இருக்கும், ஆனால் விஇஜிஎஃப்-ஐப் பிடித்து அடைக்கும் ஆன்டிபாடி மருந்தான பெவசிசுமாபைப் பல புற்றுகளில் தனியாகக் கொடுக்காமல் கீமோவோடு சேர்த்தே கொடுப்பதற்கு இது நல்ல விளக்கம். குடலில் தொடங்கிப் பரவிய புற்றுக்கு அது 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ஆதாரமான சோதனையில் சராசரி ஆயுள் (இடைநிலை அளவு) 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. பலன் உண்டு, குணம் இல்லை.

கட்டி தப்பும் வழிகள் பல. எஃப்ஜிஎஃப், ஆஞ்சியோபாய்ட்டின்-2 என்று மாற்றுக் காரணிகளைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் சூட்சுமமானது, புதுக்குழாயே முளைக்காமல் ஏற்கெனவே இருக்கும் குழாயைச் சுற்றி ஊர்ந்து வளர்வது. நுரையீரல், கல்லீரல், மூளை மூன்றிலும் ஆரோக்கியமான குழாய்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே முளைப்பதைத் தடுக்கும் மருந்துக்குத் தடுக்க ஒன்றும் இருக்காது. குடல் புற்றை அறுத்தெடுத்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் அழியட்டும் என்று பெவசிசுமாப் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளும் பலன் காட்டவில்லை. மார்பகப் புற்றுக்கு 2008-ல் துரித அனுமதி கிடைத்தது. ஆயுள் கூடியதாகத் தெரியாததால் 2011-ல் அமெரிக்காவில் அது ரத்தானது.

மூளைக்கட்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெவசிசுமாப் போட்ட ஓரிரு நாளிலேயே எம்ஆர்ஐ-யில் வெள்ளையாகத் தெரிந்த பகுதி மங்கிவிடும். படமெடுக்க ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து குழாயிலிருந்து ஒழுகுவது நின்றதால் மங்கியது அது, செல் செத்ததால் அல்ல. ஃபிளேர் என்ற இன்னொரு வகை எம்ஆர்ஐ படத்தையும் சேர்த்துப் பார்க்காமல் "சுருங்கிவிட்டது" என்று சொல்லக் கூடாது.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. மேட்ரிஜெல் (புரத ஜெல்) மேல் ஹியூவெக் (தொப்புள்கொடி ரத்தக்குழாய்) செல்களைப் போட்டு டியூப் ஃபார்மேஷன், அதாவது செல்கள் குழாய் வலை பின்னுகின்றனவா என்ற சோதனை, செய்கிறேன். 96 வெல் (குழி) பிளேட், வெல்லுக்கு 40,000 செல். மறுநாள் காலை பார்த்தால் கன்ட்ரோலிலேயே திட்டுத்திட்டாகக் கிடக்கிறது, வலை அறுந்திருக்கிறது. எங்கே தவறு?

இரண்டு இடத்தில். செல் மூன்று மடங்கு அதிகம். 10,000 முதல் 15,000 போதும். கூடினால் வலைக்குப் பதில் விரிப்பாகும், பிறகு சுருண்டு திட்டாகும். அடுத்தது நேரம்: 4 முதல் 8 மணி நேரத்துக்குள் வலை உச்சத்துக்கு வந்துவிடும், மறுநாள் காலைக்குள் தானாகவே அறுந்துபோகும். நாலாவது மணியில் தொடங்கி இரண்டு மணிக்கு ஒருமுறை படமெடுங்கள், உங்கள் செல்லுக்கு எது உச்சம் என்று தெரிந்துவிடும்.

ஜெல்லையும் சரிபாருங்கள். முதல் நாள் இரவே குப்பியை ஐஸில் புதைத்து ஃபிரிட்ஜில் வைத்து உருக்க வேண்டும். கையில் வைத்து உருக்கினால் ஓரம் இறுகி, நடு உறைந்தே இருக்கும். டிப், பிளேட் எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்கட்டும். வெல்லுக்கு 50 மைக்ரோலிட்டர், பிபெட்டின் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தாமல். கடைசிச் சொட்டு குமிழியோடுதான் வரும். சமதளத்தில் 37 டிகிரியில் 30 நிமிடம். இன்குபேட்டர் தட்டு லேசாகச் சாய்ந்திருந்தால்கூட ஜெல் ஒரு பக்கம் மெலிந்து, செல்லெல்லாம் பள்ளத்தில் கூடும். ஓர வெல்கள் சீக்கிரம் காயும், அவற்றில் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) மட்டும் ஊற்றிவையுங்கள். செல் ஆறாம் பாசேஜை (புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றும் முறை) தாண்ட வேண்டாம். ஒரு பரிசோதனை முழுவதும் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) மேட்ரிஜெல்.

கேள்வி: அதே மாணவிதான் சார். என் மூலிகைச் சாறு வலையைக் குறைக்கிறது. "ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது" என்று எழுதலாமா?

இதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. செல்லைக் கொல்லும் எதுவும் வலையைக் குறைக்கும். அதே செறிவில், அதே மணி நேரத்துக்கு, செல் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகக் காட்டுங்கள். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கன்ட்ரோலிலும் அதே அளவு இருக்க வேண்டும். சாற்றின் நிறம், உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி அளவீட்டைக் குழப்பும், செல் இல்லாத வெல்லில் சாறு மட்டும் போட்டுக் கழித்துவிடுங்கள். மேட்ரிஜெல் மேல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு செல்) கூட வலை மாதிரி ஒன்றைப் பின்னும் என்பதால் இந்தச் சோதனையை நான் முதல் சல்லடையாக மட்டுமே மதிப்பேன்.

அடுத்த படிக்குக் கோழிமுட்டைச் சவ்வு, அதாவது கேம் சோதனை, நல்லது. அடைகாத்த மூன்றாம் நாள் சிரிஞ்சால் 2 அல்லது 3 மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சினால் சவ்வு ஓட்டை விட்டு இறங்கும். பிறகு மேலே ஒரு செ.மீ. சன்னல் வெட்டி டேப் ஒட்டுங்கள். எட்டாம் நாள் வாக்கில் மருந்து வில்லையை வைத்து 48 முதல் 72 மணி நேரத்தில் எண்ணுங்கள். அநேகர் சறுக்குவது ஓட்டுத்தூளில்தான். சன்னல் வெட்டும்போது விழும் தூள் சவ்வை உறுத்தி, அந்த இடத்தைச் சுற்றிச் சக்கரக் கம்பிபோலக் குழாய்கள் கூடும். அதை மருந்தின் வேலை என்று எண்ணிவிடுவார்கள். வெறும் வில்லை வைத்த முட்டைகள் கட்டாயம் வேண்டும். சில முட்டை இடையில் சாகும், குழுவுக்குப் பத்துக்குக் குறையாமல் தொடங்குங்கள்.

கேள்வி: நோயாளிகளின் சீரத்தில் விஇஜிஎஃப் எலைசா (புரத அளவு பார்க்கும் சோதனை) செய்கிறோம். ஒருவருக்கொருவர் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வருகிறது. கிட் சரியில்லையா?

கிட் அல்ல, சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் நீர். தட்டணுக்களுக்குள் விஇஜிஎஃப் நிறைய இருக்கிறது. ரத்தம் உறையும்போது அதை வெளியே கொட்டிவிடும். நீங்கள் அளப்பதில் பாதி தட்டணு எண்ணிக்கை. சிட்ரேட் அல்லது இடிடிஏ குழாயில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல் பிளாஸ்மாவை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி மறுபடி சுற்றுங்கள். அடியில் கொஞ்சம் விட்டுவிடுங்கள். சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வைத்தால் உருக்கி உறையவைக்கும் தொல்லை இல்லை.

இன்னொன்று. பெவசிசுமாப் எடுப்பவரிடம் மொத்த விஇஜிஎஃப் ஏறித்தான் தெரியும், ஆன்டிபாடியோடு ஒட்டியது சீக்கிரம் வெளியேறாததால். மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 15 நாளுக்கு ஒருமுறை பெவசிசுமாப் ஏற்றுகிறார்கள். ஆடிய பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பல்லை முதலில் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லாமல் பிடுங்க வேண்டாம். புண் ஆறுவதற்கும் புதுக்குழாய் வேண்டும், இந்த மருந்து அதையே தடுக்கிறது. உடலில் பாதி குறையவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். அதனால்தான் திட்டமிட்ட அறுவைக்கு முன் குறைந்தது 28 நாளும், பின் 28 நாளும், புண் முழுதாக ஆறும்வரையும் மருந்தை நிறுத்துவார்கள். எலும்புக்கு சோலெட்ரோனிக் ஆசிட் போட்டிருந்தால் தாடை எலும்பு கெடும் ஆபத்தும் சேரும், அதையும் சொல்லுங்கள்.

பிபி ஏறுவது சகஜம். வீட்டில் பார்த்து எழுதிக் கொண்டுபோங்கள், பிபி மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தாதீர்கள். சிறுநீரில் புரோட்டீன் பார்ப்பார்கள். 24 மணி நேரத்தில் 2 கிராமைத் தொட்டால் குறையும்வரை மருந்தைத் தள்ளிவைப்பார்கள். சலைனில் மட்டும்தான் கலப்பார்கள், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது.

காத்திருக்கக் கூடாதவை: திடீரென்று கடும் வயிற்றுவலி (குடலில் துளை விழுந்திருக்கலாம்), நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, இருமலில் ரத்தம், தலைவலியோடு பார்வை மங்குவது அல்லது வலிப்பு. அடுத்த டிரிப் அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: சுறா குருத்தெலும்பு மாத்திரை ரத்தக்குழாயைத் தடுக்கும் என்கிறார்களே?

குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது என்பது உண்மை, அதில் தடுக்கும் புரதங்கள் இருப்பதும் உண்மை. விழுங்கினால் அவை வயிற்றில் சீரணமாகிவிடும். சுறா குருத்தெலும்புச் சாறான ஏஇ-941-ஐ நுரையீரல் புற்றில் மூன்றாம் கட்டம் வரை சோதித்தார்கள், ஆயுள் கூடவில்லை. வாங்காதீர்கள்.

கேள்வி: இதே பெவசிசுமாபை அம்மாவுக்குக் கண்ணில் ஊசியாகப் போட்டார்கள். அவருக்குக் கேன்சர் இல்லையே, பயப்பட வேண்டுமா?

வேண்டாம். விழித்திரையிலும் இதே விஇஜிஎஃப்தான் ஒழுகும் குழாய்களை வளர்க்கிறது. கண்ணுக்குப் போவது 0.05 மில்லியில் 1.25 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ள குடல் புற்று நோயாளிக்கு ஒருமுறை ஏறுவது 300 மில்லிகிராம். கண்ணில் பயப்பட வேண்டியது கிருமிக்கு. ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கண்ணுக்குள் சீழ் பிடிக்கும். ஊசி போட்ட சில நாட்களில் கண் சிவந்து, வலித்து, பார்வை குறைந்தால் அன்றே காட்டுங்கள்.