தண்ணீர்ப் பயம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் மட்டக்களப்புக் குருக்கள்மடத்துப் பிள்ளை. அப்பாவுக்குத் தோணி இருந்தது. இப்போது டொரொண்டோவில் இருக்கிறேன். போன ஓகஸ்டில் வேலைத்தள ஆட்களோடு ஒருநாள் பயணமாக ஒட்டாவா ஆற்றுக்கு ராஃப்டிங் போனேன். பின்னால் இருந்த வழிகாட்டிப் பெடியன் "முன்னுக்கு வலி" என்று கத்த, நான் பதறி பேடிலைப் பின்னுக்கு வலித்தேன். ரப்பர் படகு சுழன்று கல்லில் ஏறியது, நான் மட்டும் தண்ணீரில். "முருகா!" என்று அலறினேன். அது ஏதோ கட்டளை என்று நினைத்து முன்னால் இருந்த வெள்ளைக்காரர் இரண்டு பேரும் "முருகா!" என்று திருப்பிக் கத்திக்கொண்டே வலித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்வரை அதே சிரிப்புத்தான். இதை ஒரு கட்டுரையாக எழுதி இணைத்திருக்கிறேன். ஊர் கஷ்டப்படும்போது இப்படிச் சுற்றுலாக் கதை எழுதலாமா? ராஃப்டிங், பேடில் எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் போடவேண்டுமா?

அன்புள்ள தங்கச்சி,

முருகா வந்த இடத்தில் நான் சிரித்த சத்தத்துக்கு மனுசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எழுதலாமா என்ற கேள்வியை விடுங்கள், ஊரில் இருக்கிற நாங்கள் சிரிக்காமலா இருக்கிறோம்? ராஃப்டிங் ராஃப்டிங்காகவே இருக்கட்டும். பேடில் மட்டும் வேண்டாம், உங்கள் அப்பா கையில் இருந்தது சவள்.

ஆனால் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் ஒரு வரி. "நமக்கெல்லாம் தண்ணியைக் கண்டாலே பயம்தானே" என்று எழுதிவிட்டுச் சிரித்தபடி தாண்டிப் போகிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. நமக்கு என்றால் யாருக்கு? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி, நடுவில் ஒரு துண்டு மணல், அதில்தானே உங்கள் ஊர் இருக்கிறது? உங்கள் அப்பாவுக்குப் பயமா? அண்ணன் தம்பிமாருக்குப் பயமா? பயம் உங்களுக்கு, உங்கள் அம்மாவுக்கு, என் அக்காவுக்கு. ஏனென்றால் உங்களுக்கு யாரும் நீந்தப் பழக்கவில்லை.

1981இல், மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையிலிருந்து தோணியில் போனோம். கச்சான் காற்று முகத்தில் அடித்தது. ஏற்றக்கூடாத அளவு சனம். கரை கிட்ட வரும்போது தோணி ஒருபக்கம் சரிந்து எல்லோரும் தண்ணீருக்குள். அம்மப்பா என்னையும் தம்பியையும் ஐந்து வயதிலேயே வாவியில் இறக்கிப் பழக்கியிருந்தார், நாங்கள் நீந்திக் கரைக்குப் போய்விட்டோம். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் நீந்தப் பழகும்போது அவள் பாவாடை நனையாமல் கரையில் இருந்து பார்த்தவள், "பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நெஞ்சளவு தண்ணீர்தான். நிற்கலாம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, தோணி விளிம்பைப் பிடித்த கையை இரண்டு பேர் சேர்ந்துதான் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கும் அவள் மண்டூருக்குப் போவதென்றால் துறைக்கு வரமாட்டாள், பட்டிருப்புப் பாலத்தால் ஏறி வெல்லாவெளி சுற்றித்தான் போவாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் பெண்கள் அலைக்கரைப் பக்கமே போகாமல் விட்டார்கள். அந்தப் பயம் வேறு, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீந்தத் தெரியாத பயத்தை அதோடு சேர்த்துக் கட்டி மகளுக்கும் கொடுக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் பயம் என்று வீட்டில் விட்டுவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்களே, அது பயம் இல்லை தங்கச்சி, நீங்கள் பழக்கியது. நீங்கள் இருக்கிற நகரத்தில் மாநகரசபையே நீச்சல் வகுப்பு நடத்துகிறது.

இன்னொன்று. விழுந்த பிறகு என்ன நடந்தது என்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. எழும்பி நிற்கப் பார்க்காதே, மல்லாந்து கிட, காலைத் தூக்கி ஓட்டம் போகிற பக்கம் நீட்டு என்று அந்தப் பெடியன் காலையில் சொல்லித் தந்தான் என்கிறீர்கள். பாய்கிற ஆற்றில் காலை ஊன்றினால் பாதம் கல்லிடுக்கில் மாட்டும், பின்னால் வருகிற தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும், இடுப்பளவு ஆழத்திலும் சாகலாம். எங்கள் அம்மப்பாவும் இதைத்தான் சொன்னார். வாவியில் கல் இல்லை, சேறு, சாதாளை என்கிற நீர்ப்பூண்டு. "கால் சிக்கினா உதறாத மகன், மல்லாந்து கிட." நீங்கள் அப்படிக் கிடந்திருக்கிறீர்கள். உயிர்காப்பு அங்கி மிதக்க வைத்தது சரி, காலைத் தூக்கியது நீங்கள்தானே? நீந்தத் தெரியாத ஒருத்தி அந்தப் பாய்ச்சலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அதை விரித்து எழுதுங்கள், காது தண்ணீருக்குள் இருக்கும்போது என்ன கேட்டது என்பதுவரை. முருகாவையும் விடவேண்டாம், அது நன்றாக இருக்கிறது.

மகளையும் கூட்டிக்கொண்டு வகுப்பில் சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

அன்புடன்,
அண்ணா